முகம் போட்ட காசு

என் சகலை காசை முகத்தில் தொட மாட்டார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் விளிம்பில் மட்டும் பட, சாமிக்கு வாங்கிய பூவைப் பிடிப்பது மாதிரி பிடிப்பார். டீக்கடையில் மீதி கொடுத்தாலும் சரி, பஸ்ஸில் கண்டக்டர் கொடுத்தாலும் சரி, ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்காமல் சட்டைப்பையில் விட்டதில்லை. வெறும் சிங்கமும் எண்ணும் இருந்தால் அது சில்லறை. சுதந்திரத்துக்குப் பாடுபட்ட தலைவர் ஒருவருடைய முகம் இருந்துவிட்டால் அந்த இடத்திலேயே நின்றுவிடுவார். பின்னால் வருகிறவன் இடித்துத் திட்டினாலும் காதில் விழாது. கைக்குட்டையில் சுற்றி, பனியனுக்குள் தைத்து வைத்திருந்த தனிப் பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் நடப்பார்.

"வந்துட்டாரு சகல," என்பார் என்னிடம். காசு கிடைத்தது என்று சொல்ல மாட்டார். ஆள் வந்ததாகத்தான் சொல்வார்.

சகலை என்றால் என் வீட்டுக்காரியின் அக்கா புருஷன். என்னைவிட ஏழெட்டு வயது பெரியவர். இறந்து போனவரின் பேரை எழுதிக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அதனால் பேர் வேண்டாம். குறை சொல்லாமல் அவரைப் பற்றி எழுதவும் எனக்குத் தெரியவில்லை. நான் சித்தூரில் மாவு மில் வைத்திருப்பவன். படிப்பு எட்டாவது வரை, அதுவும் தெலுங்கில். தமிழ் வீட்டில் நைனா சொல்லிக்கொடுத்தது. காலையில் மில்லைத் திறக்கும் முன் ஏழுமலையானுக்கு ஒரு கற்பூரம், புரட்டாசி சனிக்கிழமையில் ஒரு பொழுது. எனக்குத் தெரிந்த வேதம் அவ்வளவுதான்.

அவர் ஊருக்கு வெளியே இருந்த ஒரு நூல் மில்லில் டைம் கீப்பர். ஷிப்டுக்கு வருகிறவர்களின் நேரத்தைக் குறிக்கிற வேலை. காசுப் பழக்கம் அந்த நாளிலேயே பிடித்தது. ஒரு தலைவர் பிறந்து நூறு வருஷம் ஆனால் சர்க்கார் அவர் முகத்தைப் போட்டு ஒரு ரூபாயோ இரண்டு ரூபாயோ அடித்து விடுகிறது. நாமெல்லாம் அதைக் கொடுத்துக் கத்தரிக்காய் வாங்குகிறோம். அவருக்கு அது பொறுக்காது.

"செயிலுக்குப் போன மனுசன குடுத்து கருவேப்பில வாங்கறாங்களே சகல. இந்த ஜனங்களுக்கு வெளங்குமா?"

ஒரு தலைவருக்கு ஒரு காசு என்று நின்றிருந்தால் பரவாயில்லை. காசு அடிக்கிற சாலை நாலு ஊரில் இருக்கிறதாம். வருஷத்துக்குக் கீழே சின்னதாக ஒரு அடையாளம் இருக்கும். பம்பாய்க்கு வைரம், ஹைதராபாத்துக்கு நட்சத்திரம், டில்லிப் பக்கத்துக்குப் புள்ளி. ஒன்றும் இல்லாவிட்டால் கல்கத்தா. ஒரே தலைவர் எந்தெந்த ஊரிலிருந்து புறப்பட்டாரோ அத்தனையிலிருந்தும் வந்து சேர்ந்தால்தான் சகலைக்கு நெஞ்சு நிறையும். என் வீட்டுக்காரிக்குத் தலைவர்களின் பேர் தெரியாது. ரோஜாப்பூக்காரர், பட்டாளத் தொப்பிக்காரர், தலைப்பாகை மீசைக்காரர், கைத்தடித் தாத்தா என்று அவளே பேர் வைத்திருந்தாள்.

"இன்னா மாமா, மீசைக்காரருக்கு நட்சத்திரம் கெடச்சுதா?" என்று கேலி பண்ணுவாள்.

"பேர சொல்லு. நாடே கும்புட்ட மனுசன மீசைக்காரருன்றியே," என்று அதட்டுவார். சிரிக்க மாட்டார்.

நல்ல மனுஷன்தான். அதையும் எழுத வேண்டும். எனக்கு மஞ்சள் காமாலை வந்து படுத்துவிட்டபோது என் மில்லை அவர்தான் ஓட்டினார். மிளகாய் அரைக்கிற அன்றைக்குக் கண்ணும் மூக்கும் கொட்ட நின்றார். ஒரு பிடி மாவு குறைந்தது என்று யாரும் சொல்லவில்லை. நான் எழுந்து வந்து கல்லாப்பெட்டியைத் திறந்தால் பணமெல்லாம் சரியாக இருந்தது. ஆனால் காசுகள் எல்லாம் ஒரே மாதிரி சிங்கத் தலை மேலே பார்க்கப் படுத்திருந்தன. என் கல்லாவிலிருந்த தலைவர்களை அவர் கூட்டிக்கொண்டு போயிருந்தார். அதற்கு ஈடாகத் தன் சில்லறையை எண்ணி வைத்திருந்தார். அன்றைக்கு நானும் என் வீட்டுக்காரியும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

பிறகு நூல் மில்லை மூடினார்கள். வெளியூர் நூல் மலிவாக வருகிறது, பெரிய கம்பெனிகள் வந்துவிட்டன, காலம் மாறிவிட்டது என்றார்கள். கைக்கு ஒரு தொகை கொடுத்து எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். கூட வேலை செய்த ஆண்கள் பெங்களூருக்கும் மெட்ராஸுக்கும் பஸ் ஏறினார்கள். செக்யூரிட்டி வேலையோ, பெயின்ட் அடிக்கிற வேலையோ, கிடைத்ததைச் செய்தார்கள். சகலைக்கும் பெங்களூரில் ஒரு கம்பெனி வாசலில் இடம் பார்த்து வைத்தேன். போய் ஒரு நாள் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார்.

"டைம் பாத்தவன் சகல நானு. இன்னொருத்தன் என் டைம பாக்கறதா?"

அந்தத் தொகையில் ஒரே ஒரு நல்ல காரியம் செய்தார்கள். புத்தலப்பட்டு போகிற ரோட்டோரத்தில் இரண்டரை சென்ட் இடம் வாங்கினார்கள். செய்தது அண்ணி. என் வீட்டுக்காரியின் அக்காவை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். கல்யாணமானதிலிருந்து வாடகை வீடு, பிள்ளையும் இல்லை. சொந்தமாக ஒரு சுவர் இருந்தால் அதில் சாய்ந்தாவது அழலாம் என்று வேடிக்கையாகச் சொல்வாள். அந்த வேடிக்கையில் எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

எங்கள் பக்கத்துப் பெண்கள் அப்போது குவைத்துக்குப் போக ஆரம்பித்திருந்தார்கள். அரபிக்காரர் வீட்டில் சமையல், துணி, குழந்தை பார்ப்பது. கடப்பைப் பக்கத்து ஏஜெண்டு ஒருவர் மூலம் அண்ணிக்கு விசா வந்தது. நாங்கள் வேண்டாம் என்றோம்.

"ஒரு அக்ரிமெண்ட்டுதான். ரெண்டு ரூமு, ஒரு சமையல் ரூமு. தளம் போட்டுட்டா வந்துடுவேன்," என்றாள் அண்ணி. சகலை போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. அவள் பெட்டி கட்டும்போது காசு செருகி வைக்கிற ஆல்பத்தின் பிளாஸ்டிக் தாள்களை வெள்ளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

போகிற அன்றைக்குக் காலையில் அண்ணி தலைக்குக் குளித்து, முடுப்பு கட்டினாள். எங்கள் பக்கத்தில் அது தெரியாத வீடு இருக்காது. ஏழுமலையானை வேண்டிக்கொண்டு ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்தில் மாட்டுவது. நினைத்தது நடந்ததும் மலையேறி, முடிச்சு அவிழ்க்காமல் அப்படியே உண்டியலில் சேர்க்க வேண்டும். முடிந்த கணத்திலேயே அந்தக் காசு நம்முடையது இல்லை. வயிறு காய்ந்தாலும் அதைத் தொடமாட்டார்கள். முந்தானையிலிருந்த ஒரு ரூபாயை எடுத்து, "பத்திரமா போயி பத்திரமா வரணும் சாமி, வந்து எங்க வூட்ல வெளக்கு ஏத்தணும்," என்று சொல்லி மூன்று முடிச்சுப் போட்டாள். அந்த ரூபாயின் முகத்தை அவள் பார்க்கவில்லை. பார்க்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

முதல் வருஷப் பணத்தில் அஸ்திவாரம் எழுந்தது. கருங்கல் வைத்து, மண் கொட்டி, இடுப்புயரம் வந்தது. ஜல்லிக்காரர், மேஸ்திரி எல்லாம் நானே பேசிவிட்டேன். அதோடு நின்றது.

நின்றதற்குக் காரணம் தபாலில் வந்தது. கடையிலும் பஸ்ஸிலும் கைமாறுகிற காசு அல்லாமல், கண்ணாடி மாதிரி பளபளவென்று தனியாக அடித்து, வெல்வெட் பெட்டியில் வைத்து விற்கிறார்கள் என்று சகலை தெரிந்துகொண்டார். முன்பணம் கட்டினால் வீடு தேடி வரும். வெள்ளியில்கூட உண்டு. அண்ணியின் பணம் பேங்குக்கு வரும். அடுத்த வாரம் ஒரு பெட்டி வரும். சுதந்திரம் வாங்கி ஐம்பது வருஷம் ஆனபோது ஊரெல்லாம் கொடி கட்டினார்கள். சகலை ஒரு தேக்கு ஷோகேஸ் செய்தார். கண்ணாடிக் கதவு, உள்ளே குட்டி குட்டி பல்பு, பூட்டு. வாடகை வீட்டில் அதற்கு இடமில்லாமல் கட்டிலைக் கழற்றி வெளியே போட்டுவிட்டுப் பாயில் படுத்தார்.

நான் கேட்டேன். எத்தனையோ தடவை கேட்டேன்.

"குடிக்கறேனா சகல?"

"இல்லண்ணே."

"சீட்டாடறேனா? எவ வூட்டுக்கனா போறேனா?"

"அதெல்லாம் யாரு சொன்னாங்க?"

"அப்ப வுடு. நாளைக்கி இது லட்சத்துக்குப் போவும். வூடு இன்னா, பங்களாவே கட்டலாம்."

பங்களா என்று அவர் சொன்னது வாய் வார்த்தை. விற்கிற எண்ணம் அவருக்கு ஒருநாளும் இருந்ததில்லை. என் மாமியாரே அவர் பக்கம் இருந்தார். ஊரில் பாதி ஆண்கள் சாராயத்தில் மிதந்த காலம். "என் மூத்த மருமவன் தங்கம். பீடி நாத்தம்கூட கெடயாது," என்று அந்த அம்மாள் சொன்னால் தெருவே தலையாட்டும். பெற்ற மகள் கடல் தாண்டிப் பாத்திரம் தேய்த்ததற்கு ஒருவரும் தலையாட்டவில்லை.

ஒரு ஆயுத பூஜைக்குச் சாமி படங்களைத் துடைக்கும்போது சகலையின் கை அந்த முடுப்பில் பட்டிருக்கிறது. காசிலேயே கிடந்த மனுஷனுக்குத் துணிக்கு மேலேயே தெரிந்துவிட்டது, உள்ளே முகம் இருக்கிறது என்று. சுண்டல் கொடுக்கப் போன என் வீட்டுக்காரி பார்த்தபோது மஞ்சள் துணி தரையில் கிடந்தது. சகலை ஜன்னலோரம் உட்கார்ந்து பூதக்கண்ணாடியில் ஒரு ரூபாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரோஜாப்பூக்காரரின் நூற்றாண்டுக் காசு. கீழே நட்சத்திரம். அவர் வருஷக்கணக்காகத் தேடியது. தேடிய நாளெல்லாம் அது அவர் தலைக்கு மேலேயே, சாமி படத்தில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

"அய்யோ மாமா, இன்னா பண்ணீங்க? அக்கா முடுப்பு அது!"

"கத்தாத. நானு ஒண்ணும் துன்னுடல. ரூபாக்கு ரூபா வெச்சிட்டேன், தோ பாரு. கட்டி மாட்டிட்டா போச்சு."

"அது சாமி காசு மாமா."

"சாமிக்கு இன்னா, முகம் பாத்தா வாங்குறாரு?"

"அப்ப நீங்க இன்னாத்துக்கு முகம் பாக்கறீங்க?"

அவர் காசை ஆல்பத்தில் செருகினார் என்று வந்து சொல்லி அழுதாள். நான் மில்லைப் பாதியில் நிறுத்திவிட்டு ஓடினேன். கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். "அண்ணே, அவங்க தன்னந்தனியா கீறாங்க. அவங்களுக்குக் காவலு அது ஒண்ணுதான். திருப்பி வெச்சிடுங்க."

"நீயும் பொம்பள மாதிரி பேசற. இவரு எத்தினி வருசம் செயில்ல இருந்தாரு தெரியுமா? மறுபடியும் துணியில கட்டி இருட்டுல போட சொல்றியா?"

சத்தியமாகச் சொல்கிறேன், அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அப்படித்தான் நினைத்தார். கோயில் ஐயரிடம் போய்க் கேட்டேன். அபராதமாகப் பதினொரு ரூபாய் கூடச் சேர்த்து முடியுங்கள், அவன் பொறுப்பான் என்றார். என் வீட்டுக்காரி அந்த மஞ்சள் துணியையே கழுவி, மறுபடியும் முடிந்து, எங்கள் வீட்டுச் சாமி படத்தில் மாட்டினாள். ஐயர் சொன்னது சமாதானத்துக்கு. அந்த முதல் அக்ரிமெண்ட் முடிந்து அண்ணி வரவேண்டிய மாதத்தில் அரபிக்காரரின் மனைவிக்குப் பிரசவம் என்று அவளை அனுப்பவில்லை. பாஸ்போர்ட் அவர்கள் பெட்டியில் இருந்தது. தள்ளிப் போட்டார்கள், மறுபடியும் தள்ளிப் போட்டார்கள். படித்தவர்கள் அதற்கு வேறு காரணம் சொல்வார்கள். எனக்கு ஒரு காரணம்தான் தெரியும்.

கடைசியில் லீவில் வந்தாள். கன்னம் ஒட்டி, முன் நெற்றியில் நரைத்து. வந்ததும் மலைக்குப் போக வேண்டும் என்றாள். நானும் என் வீட்டுக்காரியும் கூடப் போனோம். சகலை வரவில்லை, பள்ளிக்கூடத்தில் காசுக் கண்காட்சி என்றார். உண்டியல் முன்னால் அண்ணி அந்தச் சின்ன மஞ்சள் மூட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். பின்னால் நின்றவர்கள் கோவிந்தா கோவிந்தா என்று நெருக்கினார்கள். காசு மாறிய கதையை நாங்கள் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. துணி உள்ளே விழுந்தது. பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரி என் கையை நகம் பதியப் பிடித்திருந்தாள். சின்ன வயதிலிருந்து அந்த இடத்தில் தானாக வாயில் வருகிற கோவிந்தா எனக்கு அன்றைக்கு வரவில்லை.

மலையிலிருந்து இறங்கி, வருகிற வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி, அண்ணி தன் வீட்டைப் பார்த்தாள். அஸ்திவாரத்தின் மேல் ஆள் உயரத்துக்கு வேலிக்காத்தான் முளைத்திருந்தது. ஆடு ஒன்று ஏறி நின்றிருந்தது. அவள் திட்டவில்லை. வீட்டுக்கு வந்தாள். சகலை அவளைக் கையைப் பிடித்து அழைத்துப் போய் ஷோகேஸ் முன்னால் நிறுத்தி சுவிட்சைப் போட்டார். அத்தனை முகமும் பளிச்சென்று எரிந்தது.

"பாத்தியா? முக்காவாசிப் பேரு வந்துட்டாங்க."

அண்ணி வரிசையாகப் பார்த்தாள். "எல்லாருக்கும் வூடு கட்டிட்டீங்க," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதை அவர் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். லீவு முடிந்ததும் அடுத்த அக்ரிமெண்ட்டுக்கு அவளே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள். இந்தத் தடவை கூரை போட்டால் போதும், தளம்கூட வேண்டாம், ஷீட்டு போதும் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

ஆகஸ்ட் பதினைந்து என்றால் சகலைக்குக் கல்யாண நாள் மாதிரி. வெள்ளைச் சட்டை, சட்டையில் கொடி. பள்ளிக்கூடத்தில் மேஜை போட்டுக் காசுகளை வைப்பார்கள். ஹெட்மாஸ்டர் தெலுங்கில் பாராட்டி சால்வை போர்த்துவார். இவர் தமிழும் தெலுங்குமாகக் கலந்து பேசுவார். தலைவர்கள் பெண்டாட்டி பிள்ளைகளைப் பிரிந்தது, ஜெயிலில் கஞ்சி குடித்தது, தியாகம், விடுதலை. சொல்லும்போது நிஜமாகவே கண்ணீர் வரும். ஒரு வருஷம் என் வீட்டுக்காரியும் வந்திருந்தாள். கூட்டம் கலைந்ததும் நேராகப் போய் அவர் முன்னால் நின்றாள்.

"எங்கக்கா பாஸ்போர்ட்டு அரபிக்காரன் பெட்டில கீது மாமா. வெளிய போனா கூட ஒராளு காவலு. நீங்க இங்க விடுதலை பேசுங்க. நல்லா பேசறீங்க."

சால்வையை மடித்துக்கொண்டே அவர் சொன்னார்: "அவ நல்லாத்தான் கீறா. மூணு வேளை சோறு, ஏசி ரூமு."

அந்தக் காலத்தில் குவைத்திலிருந்து யாராவது ஊர் திரும்பினால் அவர்கள் கையில் கேசட் கொடுத்தனுப்புவார்கள். பேசிப் பதிவு பண்ணிய கேசட். டேப் ரிக்கார்டரைச் சுற்றி உட்கார்ந்து கேட்போம். அண்ணி முதலில் எல்லாரையும் பேர் சொல்லி விசாரிப்பாள். மில் நன்றாக ஓடுகிறதா, மழை உண்டா, நாய்க்குட்டி பெரிதாகிவிட்டதா. அப்புறம் குரல் இறங்கும். கடைசியாக வந்த கேசட்டில் சொன்னாள்: "ஏங்க, முட்டி வலி தாங்கல. மாடிப்படி ஏற முடியல. ரெண்டு பொட்டிய வித்தாவது ஷீட்ட போட்டுடுங்க. அடுத்த வாட்டி வந்தா நானு திரும்பிப் போவக்கூடாது. அவ்ளோதான் நானு கேக்கறது." அதற்குப் பிறகு யார் வீட்டுப் பாத்திரங்களோ உருளுகிற சத்தம் மட்டும் நாடா தீரும் வரை ஓடியது.

சகலையும் அசைந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். "சரி சகல, போலாம் வா," என்றார். திருப்பதியில் ஸ்டேஷன் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் பழைய காசு வியாபாரிகள் கூடியிருந்தார்கள். வெள்ளிப் பெட்டிகளை மட்டும் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். மெட்ராஸிலிருந்து வந்த வியாபாரி ஒருவர், கண்ணாடி போட்டவர், ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார்.

"நல்லா வெச்சிருக்கீங்க சார். சர்க்கார் பெட்டி, உடையாம இருக்கு. மொத்தமா குடுத்தா நல்ல ரேட் போடறேன்," என்று ஒரு தொகை சொன்னார். நான் மனசுக்குள் ஷீட்டுக்கும் சுவருக்கும் கூட்டிப் பார்த்துவிட்டேன். போதும். தாராளமாகப் போதும். பெருமாளே என்று கையெடுத்தேன்.

அப்போது அந்த வியாபாரி, வெள்ளிதானா என்று பார்க்கவோ என்னவோ, கைத்தடித் தாத்தாவின் காசை வெளியே எடுத்து, முகத்தின் மேல் கட்டைவிரலை வைத்து ஒரு தேய் தேய்த்தார்.

சகலை எழுந்துவிட்டார். "எடு கைய."

"சார், துடைச்சாதானே..."

"மூஞ்சியில கைய வெக்கற நீ. அவரு யாரு தெரியுமா உனுக்கு? வெக்கறியா இல்லியா கீழ?"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. நான் அவர் காலைப் பிடிக்காத குறை. "அண்ணே, அண்ணி முட்டிய நெனச்சுப் பாருங்கண்ணே."

"இந்த மாதிரி கையில குடுக்கறதுக்கு அவ அங்கியே இருக்கலாம்," என்றார் சகலை.

இந்த ஒரு வாக்கியத்தை மறக்க வேண்டும் என்று நான் எத்தனையோ சனிக்கிழமை விரதம் இருந்திருக்கிறேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் அவர். புத்தலப்பட்டு தாண்டி எங்கள் அஸ்திவாரம் வந்தது, போனது. அவர் மடியிலிருந்த பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, முகத்தில் கைரேகை விழுந்துவிட்டதா என்று வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகும் சில வருஷம் இருந்தார். புது முகங்கள் வந்துகொண்டே இருந்தன. நான் அவர் வீட்டுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டேன். ஒரு நாள் காலையில் பல் தேய்க்கக் குழாயடிக்குப் போனவர் அங்கேயே விழுந்துவிட்டார். மாரடைப்பு என்றார்கள். நான் போனபோது முகத்தில் வலி எதுவும் இல்லை.

குவைத்துக்குப் போன் போட்டோம். அரபிக்காரர் ஊரில் இல்லை, அவர் வந்துதான் பெட்டியைத் திறந்து பாஸ்போர்ட் கொடுக்க வேண்டும் என்றாள் அண்ணி. வருகிற வரைக்கும் வைத்திருங்கள், முகத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். வீட்டை வாடகைக்கு விட்டவர் அன்று மத்தியானமே வந்துவிட்டார். "தப்பா நெனச்சுக்காதப்பா. வாடக வூடு. ஐஸ் பொட்டி வெச்சிக்கினு நாளக்கணக்கா போட்டா அப்புறம் எவன் குடி வருவான்?" அவர் சொன்னதும் நியாயம்தான். எங்கள் வீடு மில்லோடு சேர்ந்தது, அங்கே கொண்டுவரலாம் என்றால், ஜனங்கள் சாப்பிடுகிற மாவு அரைக்கிற இடம். வேறு போக்கில்லை. நாங்கள் நாலு பேர் போய் வேலிக்காத்தானை வெட்டி, அஸ்திவாரத்தின் மேல் பந்தல் போட்டு, பக்கத்துக் கிணற்று மோட்டாரிலிருந்து கரண்ட் இழுத்து, ஐஸ் பெட்டியை அங்கே இறக்கினோம். ரோட்டில் போகிற பஸ்ஸெல்லாம் மெதுவாக நின்று பார்த்துவிட்டுப் போனது. வீடு கட்ட ஆரம்பித்து அத்தனை வருஷத்தில் அங்கே முதலில் படுத்தவர் அவர்தான்.

அண்ணி மெட்ராஸிலிருந்து டாக்சியில் நேராக அங்கே வந்து இறங்கினாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு அஸ்திவாரத்தின் மேல் ஏறினாள். படி கட்டவில்லை, அதனால் என் வீட்டுக்காரியும் நானும் தூக்கிவிட்டோம். சுற்றிலும் கல் எல்லையைப் பார்த்தாள்.

"இது எந்த ரூமு?" என்று கேட்டாள் என்னிடம்.

"சாமி ரூமு அண்ணி. அப்பிடித்தான் மேஸ்திரி பிரிச்சாரு."

"உம்," என்றாள்.

குளிப்பாட்டி, வாய்க்கரிசி போடுகிற நேரம் வந்தது. அரிசியோடு ஒரு காசும் சேர்த்து வாயருகில் போடுவது எங்கள் வழக்கம். பெண்டாட்டி போட வேண்டும் என்று பங்காளிப் பெரியவர் அரிசித் தட்டை நீட்டினார். காசு எங்கே என்றார். அவரே யோசித்துச் சொன்னார்: "ஆசையாசையா சேத்தாரு மனுசன். ஷோகேஸுலருந்து ஒண்ண எடுத்தாரச் சொல்லும்மா. அந்தக் கட்டை வேவும்."

"வேணாம் பெரிப்பா. அத்த வாயில போட்டா எழுந்து உக்காந்து துப்புவாரு. அவங்க மூஞ்சியில எச்சி படக்கூடாது," என்றாள் அண்ணி.

யாருக்கும் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. அண்ணி தோள்பையைத் திறந்து பர்ஸை எடுத்தாள். நம் காசு ஒன்றுகூட அதில் இல்லை. ஏர்போர்ட்டிலிருந்து அப்படியே வந்தவள். ஒரு வெள்ளைக் காசை எடுத்துப் புடவையில் துடைத்தாள். அதில் கப்பல் படம் இருந்தது. பாய்மரக் கப்பல்.

"குவைத்துக் காசும்மா அது. இங்க செல்லாது," என்றார் பெரியவர்.

"இத்தினி வருசம் இவரு சோறு துன்னது இத்துலதான். அப்ப செல்லிச்சே."

அரிசியை மூன்று தரம் போட்டாள். காசையும் வைத்தாள். அவள் விரல்களைப் பார்த்தேன். சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறி ரேகையே அழிந்து வழவழவென்று இருந்தது. அழவில்லை. என் வீட்டுக்காரிதான் கத்தி அழுதாள்.

காரியம் முடிந்த மறு வாரம் ஷோகேஸைத் திறந்தோம். அண்ணி ஒரு முகத்தையும் பார்க்கவில்லை. பெட்டிகளையும் ஆல்பங்களையும் வாரி அரிசி மூட்டைக் கோணியில் போட்டாள். நானும் அவளும் திருப்பதிக்குப் போனோம். பழைய காசுக் கடைக்காரன், "ஒவ்வொண்ணா பாக்கணும்மா, நேரமாவும்," என்றான். "நல்லா தொட்டுப் பாரு," என்றாள் அண்ணி. பெட்டிகளுக்கும் வெள்ளிக்கும் ஏதோ கொடுத்தான். பாக்கியெல்லாம் சர்க்கார் கோடிக்கணக்கில் அடித்து விட்ட காசு, ரூபாய்க்கு ரூபாய்தான் என்றான். அதற்குள் சிமெண்டும் செங்கல்லும் ஏறியிருந்த விலை வேறு. வந்த பணத்தில் நாலு சுவர் எழுந்தது, மேலே ஷீட்டு போட்டாயிற்று. கதவுக்குப் பற்றவில்லை. நான் போடுகிறேன் என்றேன், மில்லை அடகு வைத்தாவது போடுகிறேன் என்றேன். வேண்டாம் என்றுவிட்டாள். வாசலில் ஒரு பழைய புடவையைக் கட்டித் தொங்கவிட்டுவிட்டு, முட்டியில் கட்டுப் போட்டுக்கொண்டு, கதவுக்காக அண்ணி மறுபடியும் குவைத்துக்குப் போனாள்.